கருப்பொருள் கேள்வியில் மாட்டிக்கொண்டவர்கள் இங்கே வாருங்கள்

வெள்ளவத்தை அம்மா:
தவணைப் பரீட்சை முடிந்ததிலிருந்து இது மனதில் கிடந்து உறுத்துகிறது. மகள் தரம் 9. தமிழ் வினாத்தாளில் கிரகித்தலுக்கு ஒரு சின்னக் கதை. இறந்துபோன மகனின் சைக்கிளைத் தாத்தா விற்கிறார். விற்பதற்கு முன் சங்கிலிக்கு எண்ணெய் விடுகிறார், சில்லுக்குக் காற்றடிக்கிறார். வாங்கியவன் புறப்படும்போது, “சந்தியில் திரும்பும்போது ஒருதரம் மணி அடித்துவிட்டுப் போ தம்பி” என்கிறார். அவ்வளவுதான் கதை. கருப்பொருள் யாது? 4 புள்ளி. மகள் எழுதியது: “தாத்தா மனமில்லாமல் மகனின் சைக்கிளை விற்கிறார்.” சிவப்புப் பேனாவால் ஒரு கோடு, பக்கத்தில் “இது கதைச்சுருக்கம்”. பூச்சியம்.

100ஆம் இலக்க பஸ் பம்பலப்பிட்டி தாண்டும்போது விடைத்தாளை மடியில் விரித்து, “நான் எழுதினது பிழையா அம்மா? கதையில அதுதானே நடக்குது?” என்றாள். உண்மைதான், அதுதான் நடக்கிறது. பிறகு ஏன் அது விடை இல்லை என்று எனக்குச் சொல்ல வரவில்லை. “டீச்சர் போட்டால் சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன். அவள் தாளை நாலாக மடித்துப் பைக்குள் திணித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

கொட்டாஞ்சேனைக்காரன்:
அக்கா, எங்கள் ரியூசன் சேர் இதற்குக் குறுக்குவழி வைத்திருந்தார். கருப்பொருள் கேட்டால் வறுமை, தாய்ப்பாசம், சாதி, முதுமையின் தனிமை, இந்த நாலில் ஒன்றைப் போடு என்பார். ஓ.எல். (சாதாரண தர) மாதிரிப் பரீட்சையில் நேரம் போய்விட்டது. கதையைப் பாதியில் விட்டு “வறுமை” என்று எழுதினேன். கதையில் வருவதோ மூன்று கார் வைத்திருக்கும் முதலாளி. சேர் அதை வகுப்பு முழுக்கக் கேட்க வாசித்தார். பின்வாங்கிலிருந்து ஒருவன், “நாலாவது கார் இல்லையே சேர், அதுதான் வறுமை” என்றான். ஒரு வருடம் என் பட்டப்பெயர் நாலாங்கார்.

பழைய வாசகர்:
குறுக்குவழிதான் உங்களைக் கெடுத்தது தம்பி. வறுமை என்பது வெறும் பேசுபொருள். வறுமையைப் பற்றி அந்தக் கதை என்ன சொல்ல வருகிறது என்பதே கருப்பொருள். முதலில் இந்தச் சொல்லே குழப்பம். தொல்காப்பியத்தில் கருப்பொருள் என்றால் அந்தந்த நிலத்துக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் போன்றவை. புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் ஐந்தும் உரிப்பொருள், அதாவது பாட்டில் வரும் மன உணர்வு. அப்படிப் பார்த்தால் சைக்கிள்தான் கருப்பொருள், இரங்கல்தான் உரிப்பொருள்! பள்ளிக்கூடம் தலைகீழாக வைத்திருக்கிறது.

சிலப்பதிகாரத்தை எடுங்கள். சிலம்பு விற்க மதுரைக்குப் போன கோவலன் கள்வனென்று கொல்லப்படுகிறான், கண்ணகி நீதி கேட்கிறாள், மதுரை எரிகிறது. இது கதைச்சுருக்கம். அரசியலில் பிழை செய்தவர்க்கு அறமே கூற்றாகும் (எமனாகும்), பத்தினியை உயர்ந்தோர் ஏத்துவர், ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும் என்று மூன்றை நூலின் முன்னுரையான பதிகமே சொல்லிவிடுகிறது. அவைதான் பள்ளிக்கூடம் கேட்கும் கருப்பொருள். கோவலன் பெயரை எடுத்துவிட்டாலும் அவை நிற்கும். பிள்ளைக்கு இந்தச் சோதனையைப் பழக்குங்கள்: எழுதிய விடையிலிருந்து ஆட்களையும் பொருட்களையும் வெட்டிப் பார்க்கட்டும். ஒன்றும் மிஞ்சாவிட்டால் அது கதைச்சுருக்கம். தினம் ஒரு சிறுகதை, தனியாக ஒரு கொப்பி, நடுவில் ஒரு கோடு, ஒரு பக்கம் கதைச்சுருக்கம், மறுபக்கம் கருப்பொருள். மூன்று மாதம் போதும்.

என் அனுபவத்தையும் சொல்கிறேன். இதே விஷயத்துக்கு ஒரு நூலகத்தில் நண்பருடன் சத்தமாக வாதாடி, இருவரையும் வெளியே அனுப்பினார்கள்.

தெமட்டகொட டீச்சர்:
ஐயா, தரம் 9 பிள்ளைக்கு இவ்வளவு தேவையா? நான் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லிக்கொடுக்கிறேன். ஒருநாள் காகம், நரி, வடை. படிப்பினை என்ன என்றதும் எல்லோரும் கோரஸாக, “புகழ்ச்சிக்கு மயங்கக் கூடாது.” ஒருவன் மட்டும் எழும்பி, “வடை பாட்டியுடையதுதானே டீச்சர்? களவெடுத்தது தங்காது” என்றான். பிழை, இரு என்றேன். என் கையிலிருந்த விடைப் புத்தகத்தில் அப்படி இல்லையே! அன்று இரவு சோறு வடிக்கும்போதுதான் உறைத்தது. அவன் சொன்னதற்கும் கதைக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. மற்றவர்கள் ஒப்புவித்தார்கள், கதையை யோசித்தவன் அவன் ஒருவன்தான். மறுநாள் சொல்லலாம் என்றிருந்தேன். வரவில்லை. வீடு மாறி மட்டக்குளிப் பக்கம் போய்விட்டார்களாம்.

வெள்ளவத்தை அம்மா:
ஐயா சொன்ன சோதனையை நேற்று செய்து பார்த்தோம். தாத்தா, மகன், சைக்கிள் மூன்றையும் வெட்டினாள். “மனமில்லாமல் விற்கிறார்” மட்டும் மிஞ்சியது, இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பிறகு இரவு பாத்திரம் கழுவும்போது அவளாகவே, “சாமானைக் குடுத்தாலும் சத்தத்தையாவது ஒருக்கா கேக்கணும் போல இருக்கும் என்னம்மா?” என்றாள்.

இது கருப்பொருள்தானா என்று டீச்சர் யாராவது சொல்லுங்கள். உரிப்பொருள் வேண்டாம் ஐயா, அப்படி எழுதினால் அதையும் வெட்டிவிடுவார்கள்.