கம்ப்ரஸர் மோட்டார் முனகிவிட்டு நின்றுவிடுகிறது, வேறு மோட்டார் மாட்டலாமா?

மரத்தூள்:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் தச்சு வேலைக்கும் பெயின்ட் அடிக்கவும் ஒரு ஏர் கம்ப்ரஸர் வைத்திருக்கிறேன். 2 ஹெச்பி, பெல்ட்டில் ஓடுவது, 100 லிட்டர் டேங்க். பல வருடமாக உழைத்த சாமான். கொஞ்ச நாளாகவே ஸ்டார்ட் ஆகும்போது பெல்ட் கீச்சென்று கத்தும், நான் இறுக்கி விடுவேன், சரியாகிவிடும், சில நாளில் மறுபடி கத்தும், மறுபடி இறுக்குவேன். அப்புறம் மோட்டாரில் கரகரவென்று ஒரு சத்தம் சேர்ந்துகொண்டது. நேற்று சுவிட்சைப் போட்டால் 'ம்ம்ம்' என்று முனகுகிறது, சுற்றவே இல்லை, நாலைந்து விநாடியில் பிரேக்கர் விழுந்துவிட்டது. லேசாகக் கருகிய வாடையும் வந்தது. மோட்டாரை எழுப்பிவிடுகிற கண்டன்சர் (மின்தேக்கி) போயிருக்கும் என்று நினைத்து அதே மைக்ரோஃபாரட் அளவில் புதிது வாங்கி மாட்டினேன், ஒரு மாற்றமும் இல்லை.

பழைய மேசை ரம்பத்தில் இருந்து கழற்றிய 2 ஹெச்பி மோட்டார் ஒன்று என்னிடம் சும்மா கிடக்கிறது, நன்றாக ஓடுகிறது. ஆனால் அது 1440 ஆர்பிஎம், கம்ப்ரஸரில் இருப்பது 2850. ஷாஃப்ட்டும் வேறு, பழையது 19 மில்லி, இது 24 மில்லி. ஹெச்பி ஒன்றுதானே, அப்படியே தூக்கி மாட்டினால் ஓடுமா? இல்லை, பழைய மோட்டாருக்கே காயில் கட்டிவிடுவது, அதாவது உள்ளே இருக்கிற கம்பிச்சுருளைப் புதிதாகச் சுற்றுவது நல்லதா?

கம்பிச்சுருள்:

முதலில் மோட்டார் உண்மையிலேயே போய்விட்டதா என்று பாருங்கள் நண்பரே. முனகிவிட்டு நிற்பதற்கு மோட்டார்தான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை.

பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதும் என்று விடாதீர்கள், பிரஷர் சுவிட்ச் எப்போது வேண்டுமானாலும் தானாகவே ஆன் ஆகும். டேங்கில் இருக்கும் காற்றை முழுதாக இறக்கிவிட்டு பெல்ட்டைக் கழற்றுங்கள். இப்போது மோட்டார் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். வழவழவென்று சுற்ற வேண்டும். எங்காவது பிடித்தாலோ, ஷாஃப்ட்டை மேலும் கீழும் ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தாலோ பேரிங் தேய்ந்திருக்கிறது. பம்ப் சக்கரத்தையும் கையால் சுற்றுங்கள், அது இறுகியிருந்தால் மோட்டார் மேல் பழி போட முடியாது.

இரண்டும் நன்றாகச் சுற்றினால், பெல்ட் இல்லாமலேயே ஒரு நொடி கரன்ட் கொடுத்துப் பாருங்கள். தனியாக ஓடினால் கோளாறு பம்ப் பக்கம் அல்லது காற்றுப் பக்கம். தனியாக விட்டாலும் முனகினால் ஸ்டார்ட்டிங் பகுதியில் கோளாறு. கண்டன்சர் மாற்றிவிட்டீர்கள், அடுத்து சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச். பின்மூடியைத் திறந்தால் ஷாஃப்ட்டில் எடைக்கட்டைகளும் ஸ்பிரிங்கும் இருக்கும், மூடியில் இரண்டு கான்டாக்ட் இருக்கும். மோட்டார் வேகம் எடுத்ததும் ஸ்டார்ட்டிங் வைண்டிங்கை (மோட்டாரை எழுப்ப மட்டும் உதவுகிற கம்பிச்சுருள்) பிரித்து விடுவது அதுதான். மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்து கான்டாக்ட் கறுத்துப் போனால் ஸ்டார்ட்டிங் வைண்டிங்குக்குக் கரன்டே போகாது, நீங்கள் சொல்கிற அதே முனகல்தான் வரும். தேய்த்துவிட்டாலே பல மோட்டார்கள் எழுந்து ஓடும். அப்புறம் மல்டிமீட்டரில் இரண்டு வைண்டிங்கையும் பாருங்கள், இரண்டிலும் கன்டினியூட்டி (மின்தொடர்பு) இருக்க வேண்டும், எந்த வயரில் இருந்தும் மோட்டார் உடம்புக்கு இருக்கவே கூடாது.

கண்டன்சரைத் தொடும் முன் ரெசிஸ்டர் வைத்து டிஸ்சார்ஜ் செய்துவிடுங்கள். ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைக்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள், கண்ணுக்கு ஆபத்து.

லேத்துப்பட்டறை:

மேசை ரம்ப மோட்டார் தாராளமாக ஓடும், ஆனால் அப்படியே மாட்ட முடியாது. ஹெச்பியை மட்டும் பார்த்து மாட்டுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள், நீங்கள் பார்க்க வேண்டியது வேகம்.

பம்ப் எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும் என்பதைப் பம்ப்தான் முடிவு செய்யும். கணக்கு சுலபம்: மோட்டார் வேகத்தை மோட்டார் புல்லியின் விட்டத்தால் பெருக்கி பம்ப் சக்கரத்தின் விட்டத்தால் வகுக்க வேண்டும். உங்களுடையதை நீங்களே அளந்துகொள்ளுங்கள், நான் ஒரு உதாரணத்துக்கு மோட்டார் புல்லி 80 மில்லி, பம்ப் சக்கரம் 300 மில்லி என்று வைத்துக்கொள்கிறேன். பழைய மோட்டாரில் 2850 × 80 ÷ 300, அதாவது பம்ப் 760 சுற்று. அதே 80 மில்லி புல்லியோடு 1440 மோட்டாரை மாட்டினால் 384 சுற்றுதான் வரும். கம்ப்ரஸர் கெட்டுப்போகாது, ஆனால் டேங்க் நிரம்ப இரண்டு மடங்கு நேரமாகும், ஸ்ப்ரே கன்னுக்குக் காற்று போதாது. எண்ணெயைத் தெறிக்க வைத்து மசகு போடுகிற பம்ப்பாக இருந்தால் ரொம்ப மெதுவாக ஓடுவதும் நல்லதில்லை. பழைய 760 வேண்டும் என்றால் 760 × 300 ÷ 1440, கிட்டத்தட்ட 158 மில்லி புல்லி. பெல்ட்டும் நீளமாக வேண்டும், இந்த உதாரணத்தில் சுமார் 10 சென்டிமீட்டர் கூடும்.

தலைகீழாகச் செய்தால்தான் விபரீதம். 1440 இருந்த இடத்தில் 2850 மோட்டாரைப் பழைய புல்லியோடு மாட்டினால் பம்ப் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும், மோட்டாருக்குச் சுமை தாங்காது, வால்வு பிளேட்டும் சூடாகிப் போய்விடும். 60 ஹெர்ட்ஸ் கரன்ட் உள்ள இடத்தில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு அந்த எண்கள் 3450, 1725 என்று இருக்கும், கணக்கு ஒன்றுதான்.

ஷாஃப்ட் விஷயம். புல்லி வழுக்காமல் ஷாஃப்ட்டோடு பிடித்து வைக்கிற சாவிக்கட்டை 24 மில்லி ஷாஃப்ட்டுக்கு 8 மில்லி, 19க்கு 6 மில்லி. பழைய புல்லியைத் துளை பெரிதாக்கிப் போடலாம் என்று யோசிக்காதீர்கள், எப்படியும் பெரிய புல்லி வேண்டும், 24 துளையோடு வாங்கிவிடுங்கள். அதைச் சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள், ஒவ்வொரு அடியும் பேரிங்கில் போய் விழும். அடிச்சட்டத்தில் துளைகளும் பொருந்தாது, புதிதாகப் போட வேண்டியிருக்கும். தகடு ஒன்றை வெட்டி நீள்துளை போட்டுக்கொண்டால் பெல்ட்டை இறுக்கவும் வசதி. ஆனால் எந்தத் துளையும் டேங்கின் உடம்பில் கூடாது, வெல்டிங்கும் கூடாது. அது பிரஷர் தாங்குகிற பாத்திரம்.

காற்றுக்குழாய்:

நான் வேறொன்று கேட்கிறேன் தம்பி. உங்கள் கம்ப்ரஸர் நிரம்பி நிற்கும்போது 'புஸ்ஸ்' என்று இரண்டு மூன்று விநாடி காற்று விடுகிற சத்தம் கேட்குமே, அது கடைசியாக எப்போது கேட்டது?

பம்ப்பில் இருந்து டேங்குக்குப் போகிற குழாயில் காற்று அடைபட்டு இருந்தால் மோட்டாரால் எழுந்திருக்க முடியாது. அதனால்தான் நின்றவுடன் பிரஷர் சுவிட்சுக்குக் கீழே இருக்கிற அன்லோடர் வால்வு அந்தக் காற்றை வெளியே விடுகிறது. டேங்குக் காற்று திரும்பி வராமல் செக் வால்வு தடுக்கிறது. சத்தமே வரவில்லை என்றால் அன்லோடரோ அதற்குப் போகிற சின்னக் குழாயோ அடைத்திருக்கிறது. நிற்காமல் புஸ்ஸென்று போய்க்கொண்டே இருந்தால் செக் வால்வு தேய்ந்துவிட்டது. இரண்டுமே மோட்டாரைக் கொல்லும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஸ்டார்ட் ஆகும்போது பெல்ட் கத்தியது என்று எழுதியிருக்கிறீர்கள். சும்மா சுற்றுகிற பம்ப்பை எழுப்பும்போது பெல்ட் கத்தாது, எதையோ எதிர்த்துத் தள்ளும்போதுதான் கத்தும். நான் இதைக் கவனிக்காமல் ஒரு மோட்டாருக்குக் காயில் கட்டினேன், மூன்று மாதத்தில் அதே காயில் மறுபடி போனது. இரண்டாவது முறைதான் செக் வால்வைத் திறந்தேன். உள்ளே இருந்த வட்டத்தகடு எண்ணெய்க் கரி படிந்து கல்லாக இருந்தது, உட்கார வேண்டிய ஓரத்தில் நகம் அளவுக்கு ஒரு பள்ளம்.

செக் வால்வைக் கழற்றும் முன் டேங்க் காலியாக இருக்கிறதா என்று மீட்டரைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் அடியில் உள்ள டிரெய்ன் வால்வையும் திறந்து வையுங்கள். அப்படியே குனிந்து டேங்கின் அடிப்பாகத்தையும் பாருங்கள். துரு குழி விழுந்திருந்தால் மோட்டாருக்குச் செலவு செய்யாதீர்கள்.

மரத்தூள்:

எல்லோரும் சொன்னதை ஒன்று விடாமல் செய்தேன். காற்றுக்குழாய் அண்ணா, நீங்கள் கேட்ட பிறகு யோசித்தால், அந்தப் புஸ் சத்தம் கேட்டு ரொம்ப காலம் ஆகிறது. அது நின்றதையே நான் கவனிக்கவில்லை.

பெல்ட்டைக் கழற்றி மோட்டார் ஷாஃப்ட்டை ஆட்டினேன், புல்லிப் பக்கம் கண்ணுக்கே தெரிகிற ஆட்டம். திறந்து பார்த்தால் பேரிங்கில் கிரீஸ் சிவந்த பொடியாக இருந்தது, ரோட்டர் (சுற்றுகிற பகுதி) ஒரு பக்கம் ஸ்டேட்டரில் (சுற்றாத வெளிப்பகுதி) உரசி உரசி வெள்ளிக் கம்பி போல ஒரு பளபளப்பான கோடு விழுந்திருக்கிறது. அந்த இடத்தில் வைண்டிங் வார்னிஷ் காப்பி நிறத்தில் கருகியிருக்கிறது. ஒரு வயரில் இருந்து உடம்புக்குக் கன்டினியூட்டியும் காட்டுகிறது. சின்னக் குழாயைக் கழற்றி ஊதினேன், காற்றே போகவில்லை, கம்பி விட்டுக் குத்தியதும் கறுப்பாகத் தார் மாதிரி வந்தது. செக் வால்வு நன்றாகத்தான் இருக்கிறது. டேங்கிலும் துருக் குழி இல்லை.

ஆக, குழாய் அடைத்ததால் பெல்ட் கத்தியிருக்கிறது, நான் கத்தலை நிறுத்தப் பெல்ட்டை இறுக்கி இறுக்கிப் பேரிங்கைத் தேய்த்திருக்கிறேன். சரி, ரம்ப மோட்டாரையே மாட்டுகிறேன். என் புல்லி 75, சக்கரம் 300. கணக்குப்படி 148 வருகிறது, 150 கிடைத்தால் பரவாயில்லையா? இன்னொன்று, அந்த மோட்டார் எதிர்த் திசையில் சுற்றுகிறது.

கம்பிச்சுருள்:

உடம்புக்குக் கன்டினியூட்டி காட்டினால் அந்த மோட்டாருக்கு இனி பிளக் சொருகாதீர்கள். காயில் கட்டினாலும் உரசிய தகடுகள் சூடாகும், விட்டுவிடுங்கள்.

திசை முக்கியம். பம்ப் சக்கரத்தின் ஆரங்கள்தான் விசிறி, காற்று பம்ப் மேல் அடிக்க வேண்டும், எதிர்த் திசையில் சுற்றினால் தலை சூடாகும். சக்கரத்திலோ பம்ப்பிலோ அம்புக்குறி இருக்கும். மாற்றுவதற்கு மோட்டார் பெட்டியில் ஸ்டார்ட்டிங் வைண்டிங்கின் இரண்டு முனைகளை மட்டும் இடம் மாற்றுங்கள், மெயின் வைண்டிங் அப்படியே இருக்கட்டும். வெளியே வருகிற லைன், நியூட்ரலை மாற்றினால் திசை மாறாது. அது கண்டன்சர் ஸ்டார்ட் மோட்டார்தானே? ரம்பத்தில் இருந்தது என்றால் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், ஆனாலும் பாருங்கள். ரன்னிங் கண்டன்சர் மட்டும் உள்ள விசிறி வகை மோட்டாருக்குக் கம்ப்ரஸரை எழுப்புகிற வலு கிடையாது.

லேத்துப்பட்டறை:

150 போடலாம், 720 சுற்று வரும், பழையதைவிட ஏழெட்டுச் சுற்று அதிகம், அவ்வளவுதான். இரண்டு புல்லியும் நேர்கோட்டில் இருக்கிறதா என்று ஒரு நேர்ச்சட்டத்தைச் சக்கரத்தின் முகத்தில் ஒட்டி வைத்துப் பாருங்கள். பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 12 மில்லி இறங்க வேண்டும், அதற்கு மேல் இறுக்காதீர்கள்.

மரத்தூள்:

மாட்டிவிட்டேன்! எழுப்புவதற்கு ஒன்று, ஓடுவதற்கு ஒன்று என்று இரண்டு கண்டன்சர் உள்ள மோட்டார்தான். ஸ்டார்ட்டிங் முனைகளை மாற்றியதும் திசை சரியானது. பெல்ட் கத்தவில்லை, நிற்கும்போது புஸ் சத்தம் திரும்பி வந்துவிட்டது, அதைக் கேட்கவே சந்தோஷமாக இருந்தது. கிளாம்ப் மீட்டர் போட்டு 8 பார் தொடும் நேரத்தில் பார்த்தேன், 9 ஆம்பியர். நேம் பிளேட்டில் 10.2 போட்டிருக்கிறது. அரை மணி நேரம் விட்டு விட்டு ஓட்டினேன், மோட்டார் மேல் கை வைத்தால் பொறுக்கிற சூடுதான்.

லேத்துப்பட்டறை:

நல்ல அளவு, அப்படியே ஓட்டுங்கள். பெல்ட்டை மூடுகிற பாதுகாப்புக் கூண்டை மறக்காமல் திரும்பப் போடுங்கள், புல்லி பெரிதானதால் இடிக்கும், கொஞ்சம் வளைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். புதுப் பெல்ட் முதல் சில மணி நேரத்தில் தளரும், அப்போது ஒருமுறை விரலால் அழுத்திப் பார்த்துவிடுங்கள்.