புதுப்பிப்பு: லாங்கு பஜாரில் கூத்து நடந்தது

வேலூர்க் கோட்டைப் பக்கம் தெருக்கூத்தும் சுவர் ஓவியமும் வைக்க முடியுமா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேனே, நடத்திவிட்டோம். கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, உள்ளே தனி அனுமதி வேண்டும். வேறோர் அலுவலகத்தில் மூன்று முறை அலைந்த கதை இப்போது வேண்டாம். கடைசியில் வேலூர்க் கடைத்தெருவான லாங்கு பஜாரில் மளிகைக்கடைக்காரர் ஒருவர், "ஞாயித்துக்கிழமை கடை லீவுதான், வாசலை எடுத்துக்கோ தம்பி" என்றார்.

ஆடியது செய்யாறு பக்கத்து ஜமா, அதாவது கூத்துக் குழு. விடிய விடிய ஆடுகிறவர்களை ஒன்றரை மணி நேரத்தில் முடிக்கச் சொன்னது பாவம்தான். கர்ணனும் அவன் மனைவி பொன்னுருவியும் தர்க்கம் செய்யும் கட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். முகவீணை என்ற சின்னக் குழல் வாத்தியம் கிளம்பியதும் பஜார் இரைச்சலே அடங்கியது. முள்ளு கத்திரிக்காய் விற்கும் அம்மா கூடையை இறக்காமலே கடைசிவரை நின்றார். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் அவரிடமே விலை கேட்டு வம்பிழுக்க, ஒரே சிரிப்பு.

சுவர் ஓவியம்தான் சொதப்பல். உப்பு பூத்த சுவர், வேண்டாம் என்று இங்கே ஒருவர் சொல்லியிருந்தார். நான் கேட்கவில்லை. இரண்டே வாரத்தில் கர்ணனின் கிரீடம் பாதி உரிந்துவிட்டது. சரி, சுரண்டிவிட்டு வேறு சுவர் தேடுகிறேன். காட்பாடி ரோட்டில் யாரிடமாவது இருக்கிறதா?