டிவி விவாதத்தில் மைக்கை அணைக்கலாமா?

கூழாங்கல்:
நேற்று இரவு குழந்தை தூங்குகிறாள் என்று சத்தத்தை அணைத்துவிட்டு டிவியில் அரசியல் விவாதம் பார்த்தேன். திரையில் ஆறு கட்டம். ஒருவர் விரலை நீட்டுகிறார், ஒருவர் தலையில் அடித்துக்கொள்கிறார், மூன்று பேர் ஒரே நேரத்தில் வாயசைக்கிறார்கள். மூலையில் இருந்த ஓர் அம்மா மட்டும் கையில் வைத்திருந்த காகிதத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார், நிறுத்தினார், மறுபடி ஆரம்பித்தார். கடைசியில் காகிதத்தை மடித்து வைத்துவிட்டார். மனசு கேட்கவில்லை எனக்கு. அதில் என்ன எழுதி வந்தார் என்பது யாருக்குமே தெரியாமல் போய்விட்டது.

ஒருவர் பேசும்போது மற்றவர்கள் மைக்கை அணைத்தால் என்ன? 2020 செப்டம்பர் 29 அன்று நடந்த டிரம்ப்–பைடன் முதல் விவாதம் குறுக்கீட்டிலேயே நாசமானது. அக்டோபர் 22 விவாதத்தில் ஒவ்வொரு தலைப்புக்கும் முதல் இரண்டு நிமிடப் பதிலின்போது எதிராளியின் மைக்கை அணைத்தார்கள். இருவரும் பேசியது காதில் விழுந்தது.

தீப்பெட்டி:
அக்கா, அந்தப் பொத்தான் யார் கையில் இருக்கும்? அது தேர்தல் விவாதம், விதியை முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். தினசரி நிகழ்ச்சியில் பொத்தான் சேனல்காரர் கையில். பிடிக்காதவர் வாய் திறந்ததும் அணைப்பார்.

இன்னொன்று. பதவியில் இருப்பவர் எப்போதும் பதமாகத்தான் பேசுவார். கேட்ட கேள்வியை விட்டுவிட்டு வேறு கதை சொல்லி, சிரித்த முகத்தோடு நேரத்தை ஓட்டுவார். அவரைக் குறுக்கே மறித்து "பதில் சொல்லுங்க" என்று கேட்பதை அநாகரிகம் என்றால், பாதிக்கப்பட்டவனுக்கு வேறு என்ன வழி? அந்தக் காலம் மட்டும் ஒழுங்கா? 1968இல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் எழுத்தாளர் கோர் விடால், வலதுசாரிப் பத்திரிகையாளர் வில்லியம் பக்லியை நாஜி என்று சொல்லப்போய், பக்லி நேரலையிலேயே முகத்தில் குத்துவேன் என்றார். இரண்டு பேரும் பெரிய படிப்பாளிகள்.

நடுச்சாமம்:
தீப்பெட்டி அண்ணா, நீங்க சொன்ன ஏபிசி கதையில ஒண்ணு சேர்த்துக்கோங்க. அப்போ அங்கே இருந்த மூணு பெரிய நெட்வொர்க்ல அதுதான் கடைசி இடத்துல இருந்துச்சு. அந்த வருஷம் நடந்த கட்சி மாநாடுகளை முழுசா காட்ட வசதி பத்தல. ரெண்டு பேரை உட்கார வெச்சு மோதவிட்டா செலவு கம்மி. இன்னிக்கும் அதே கணக்குதான்.

நான் நாலு வருஷம் ஒரு சேனல்ல விருந்தாளிகளைக் கூப்பிடுற வேலை பார்த்தேன். ஒரு நோட்டு இருக்கும். பேர், போன் நம்பர், பக்கத்துல ஒரு குறிப்பு. 'விடமாட்டார்', 'சட்டுனு கோபம் வரும்', இப்படி. விஷயம் தெரிஞ்ச ஒரு பேராசிரியர் பேருக்குப் பக்கத்துல 'யோசிச்சுப் பேசுறார்'னு இருந்துச்சு. அது பாராட்டு இல்ல, அவரை இனிமே கூப்பிடாதேன்னு அர்த்தம். சாயங்காலம் போன் பண்ணி "சார், இன்னிக்கு கொஞ்சம் சூடா வேணும்"னு நானே சொல்லியிருக்கேன். அதை நினைச்சா இப்பவும் வெட்கமா இருக்கு.

கூழாங்கல்:
நடுச்சாமம், இதை வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி.

தீப்பெட்டி, மறித்துக் கேட்பதை நான் அநாகரிகம் என்று சொல்லவில்லை. இழிவுபடுத்துவது வேறு. அமெரிக்க ஆய்வாளர்கள் டயானா மட்ஸ், பைரன் ரீவ்ஸ் இருவரும் 2005இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நடிகர்களை வேட்பாளர்களாக வைத்து ஒரே வாதத்தை இரண்டு விதமாகப் படம்பிடித்தார்கள். ஒன்றில் மரியாதையான பேச்சு. இன்னொன்றில் கண்ணை உருட்டுவது, பெருமூச்சு விடுவது, இடையில் புகுவது. கருத்து இரண்டிலும் ஒன்றுதான். ஆனாலும் இரண்டாவதைப் பார்த்தவர்களுக்கு அரசியல் மீதே நம்பிக்கை குறைந்தது. முகத்தை மிக அருகில் காட்டி இப்படிச் சண்டை போடவிட்டால், எதிர்த்தரப்பின் வாதத்தில் கொஞ்சமாவது நியாயம் இருக்கும் என்ற எண்ணமே தேய்கிறது என்று மட்ஸ் 2007இல் எழுதினார். என்னை உறுத்துவது இதுதான். எதிராளி சொல்வதை ஏற்க வேண்டாம். அவர் பேச வந்ததே தப்பு என்று தோன்ற ஆரம்பித்தால் அப்புறம் விவாதம் எதற்கு?

தீப்பெட்டி:
அது ஆளை உட்காரவைத்துக் காட்டிய ஆய்வு. வீட்டில் ரிமோட் கையில் இருக்கிறது. கெவின் ஆர்சனோ, மார்ட்டின் ஜான்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சேனல் மாற்றும் வாய்ப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். பலர் பொழுதுபோக்குப் பக்கம் போய்விட, சார்புச் சேனல்களின் தாக்கம் மட்டுப்பட்டது.

கூழாங்கல்:
சரி, போகிறவர்கள் போகட்டும். விடாமல் பார்க்கிறவர்கள் யார்? அரசியலில் ஊறினவர்கள். கட்சிக்கு வேலை செய்வதும் மற்றவர்களிடம் போய்ப் பேசுவதும் அவர்கள்தானே.

தீப்பெட்டி:
அதை மறுக்கவில்லை. என் பயம் பொத்தானைப் பற்றித்தான். திரையில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி கடிகாரம் ஓடட்டும். நேரம் முடிந்தால் தானாக அணையட்டும், யார் கையும் பட வேண்டாம். ஆனால் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவினால் நெறியாளர் மறிக்கத்தான் வேண்டும். அதை விட்டுத்தர மாட்டேன்.

கூழாங்கல்:
கடிகாரத்துக்குச் சம்மதம். நெறியாளர் இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி மறித்தால் அதற்கும் சம்மதம். தனக்குக் கிடைத்த இரண்டு நிமிடத்தையும் எதிராளியை ஏசவே பயன்படுத்துகிறவரை என்ன செய்வது? அதற்குத்தான் எனக்கு வழி தெரியவில்லை.

நடுச்சாமம்:
அக்கா, அவரை அடுத்த வாரமும் கூப்பிடுவாங்க. காகிதத்தை மடிச்சு வெச்ச அந்த அம்மா பேருக்குப் பக்கத்துல 'வேகம் பத்தாது'ன்னு எழுதியிருப்பாங்க. நான் இருந்திருந்தா நானும் அதைத்தான் எழுதியிருப்பேன்.