வீடு முழுக்கக் கிருமிநாசினி அடித்தும் நிம்மதி இல்லை. எதைச் செய்வது, எதை விடுவது?

பாதித்தூக்கம்:

எங்கள் பையன் தவழ ஆரம்பித்திருக்கிறான். இதே சமயத்தில் அப்பா புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு எங்களோடு தங்கியிருக்கிறார். வெள்ளை அணுக்கள் குறையும், கவனமாக இருங்கள் என்று டாக்டர் சொன்னதிலிருந்து ஸ்பிரே குப்பி என் கையை விட்டு இறங்கவில்லை. தரை, கதவு, சோபா, பொம்மை என்று எதையும் விட்டுவைக்கவில்லை. வீட்டில் மூச்சு விட்டால் மருந்து நெடி. என் விரல் நுனியெல்லாம் வெடித்துவிட்டது. "இன்னும் என்னைத்தான் நீ துடைக்கவில்லை" என்கிறார் கணவர். இதில் எது உண்மையிலேயே பலன் தரும், எது வீண் வேலை? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மொட்டைமாடி:

கடையில் விற்கும் ரசாயனமெல்லாம் எதற்கு? வினிகரில் தண்ணீர் கலந்து துடையுங்கள், போதும். கறை போகாவிட்டால் நான் அதிலேயே கொஞ்சம் பிளீச் விட்டுக்கொள்வேன்.

அகார்தட்டு:

மொட்டைமாடி ஐயா, முதலில் உங்களுக்கு. வினிகரோடு பிளீச்சைச் சேர்ப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். அமிலம் பட்டால் பிளீச்சிலிருந்து குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். கழிப்பறை கழுவும் திரவங்கள் பலவற்றிலும் அமிலம்தான் இருக்கிறது, அவற்றோடும் கூடாது. அமோனியா உள்ள திரவங்களோடும் கூடாது. வினிகர் உப்புக்கறையை நன்றாக எடுக்கும். கிருமியைக் கொல்லும் வேலைக்கு அதை நம்ப முடியாது.

பாதித்தூக்கம், இனி உங்கள் கேள்வி. ஆய்வகத்தில் கிருமிகளை வளர்த்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. அவை வளர நாங்கள் கொடுப்பது ஈரம், சத்து, இளஞ்சூடு, அவ்வளவுதான். அதனால் யார் வீட்டுக்குப் போனாலும் என் கண் தரையைப் பார்க்காது, சிங்க் ஓரத்தில் ஊறிக்கிடக்கும் ஸ்பாஞ்சைத்தான் பார்க்கும். (விருந்தாளியாக என்னை யாரும் விரும்புவதில்லை.) 2017இல் ஜெர்மனியில் வெளியான ஓர் ஆய்வில், வீடுகளில் பயன்படுத்திய 14 ஸ்பாஞ்சுகளைச் சோதித்தார்கள். சில இடங்களில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் 5,000 கோடி பாக்டீரியா வரை இருந்தன. அத்தனையும் நோய் தருபவை அல்ல. ஆனால் அடிக்கடி சுத்தம் செய்து வந்ததாகச் சொல்லப்பட்ட ஸ்பாஞ்சுகளிலும் எண்ணிக்கை குறைந்திருக்கவில்லை. ஆகவே அதைக் காப்பாற்றப் பாடுபடாமல் வாரம் ஒன்றாகத் தூக்கிப் போடுங்கள். அல்லது சீக்கிரம் காய்ந்துவிடும் பிரஷுக்கு மாறுங்கள். துடைக்கும் துணி நிறைய வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகே எடுங்கள். ஈரத்துணியால் மேடையைத் துடைப்பது பல நேரங்களில் கிருமியைப் பரப்பிவிடுவதுதான்.

அடுத்தது, நேரம். எங்கே துடைக்கிறோம் என்பதைவிட எப்போது கழுவுகிறோம் என்பதுதான் முக்கியம். பச்சை இறைச்சியைத் தொட்ட பிறகு, டயப்பர் மாற்றிய பிறகு, கழிப்பறை போன பிறகு, மூக்கைச் சிந்திய பிறகு, சமைக்கும் முன்னால், பையனுக்கு ஊட்டும் முன்னால், அப்பாவுக்கு மருந்து கொடுக்கும் முன்னால். 20 வினாடி சாதா சோப்பு, அப்புறம் கையை நன்றாக உலர்த்த வேண்டும். ஈரக்கை கிருமியை எளிதாகக் கடத்தும். பாக்டீரியாவைக் கொல்லும் என்று விளம்பரம் செய்யும் சோப்புக்குத் தனியாகச் செலவு செய்யாதீர்கள். அவை சாதா சோப்பைவிட மேல் என்பதற்கு நிறுவனங்கள் போதிய ஆதாரம் காட்டவில்லை என்று சொல்லித்தான் 2016இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அத்தகைய சோப்புகளில் டிரைக்ளோசன் உட்பட 19 பொருட்களைத் தடை செய்தது.

இன்னொன்று, உங்கள் வெடித்த விரல்களே இப்போது கிருமிக்கு வாசல். கழுவியதும் களிம்பு தடவுங்கள், ரசாயனம் தொடும்போது கையுறை போடுங்கள்.

பச்சைக் கோழியைக் குழாயில் காட்டிக் கழுவும் வழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். தெறிக்கும் துளிகளில் கேம்பிலோபாக்டர் போன்ற, வயிற்றுப்போக்கு தரும் பாக்டீரியாக்கள் மேடை முழுக்கப் போய் உட்காரும். நன்றாக வெந்தால் அவை செத்துவிடும், கழுவ வேண்டிய தேவையே இல்லை.

அப்பா விஷயத்தில் ஃபிரிட்ஜைப் பாருங்கள். 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக் கூடாது. அதிலும் லிஸ்டீரியா என்ற பாக்டீரியா குளிரிலும் மெல்ல வளரும். அதனால் அவருக்குப் பழைய சாப்பாடு வேண்டாம், காய்ச்சாத பால் வேண்டவே வேண்டாம். வெள்ளை அணு குறைந்தவர்களுக்கு வரும் தொற்றில் பெரும்பகுதி அவர்கள் குடலிலும் தோலிலும் வாயிலும் ஏற்கெனவே இருக்கும் கிருமிகளால்தான். நீங்கள் எவ்வளவு ஸ்பிரே அடித்தாலும் அது போகாது. 38 டிகிரி காய்ச்சல் கண்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். சளி இருமலோடு பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

தரைக்கு சோப்புத் தண்ணீர் போதும், செருப்பு வெளியே இருக்கட்டும். பையன் வாயில் வைக்கும் பொம்மைகளைக் கழுவிக் காயவையுங்கள்.

பாதித்தூக்கம்:

மிக்க நன்றி அக்கா (அக்காதானே?). அப்படியானால் கிருமிநாசினி எப்போதுதான் வேண்டும்? கழிப்பறை மூடியை மூடிவிட்டுத் தண்ணீர் விட்டால் கிருமி பரவாது என்கிறார்களே, அது உண்மையா?

அகார்தட்டு:

அக்காதான்.

வீட்டில் யாராவது வாந்தி, வயிற்றுப்போக்கு என்று படுத்தால் அப்போது வேண்டும். நோரோவைரஸாக இருந்தால் கைக்குத் தடவும் சானிடைசர் சரியாக வேலை செய்யாது, கைக்கு சோப்பும் பரப்புகளுக்கு பிளீச்சும்தான். முதலில் அழுக்கைத் துடைத்து எடுத்துவிடுங்கள், அழுக்கின் மேல் ஊற்றினால் பிளீச்சின் வீரியம் அதிலேயே தீர்ந்துவிடும். கைப்பிடி, சுவிட்ச் போன்றவற்றுக்கு 5 சதவீத பிளீச்சில் 20 மில்லி எடுத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்தால் போதும். வாந்தி பட்ட இடத்துக்கு அதைவிடக் கெட்டியாக வேண்டும், குப்பியில் போட்டிருக்கும் அளவைப் பாருங்கள். அடித்த கையோடு துடைப்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். குப்பியில் சொன்ன நேரம் வரை அந்த இடம் ஈரமாகவே இருக்க வேண்டும். கலந்ததை மறுநாளுக்கு வைக்காதீர்கள்.

மூடியைப் பற்றி 2024இல் ஓர் ஆய்வு வந்தது. மூடினாலும் மூடாவிட்டாலும் சுற்றியுள்ள பரப்புகளில் வைரஸ் படிவதில் பெரிய வித்தியாசம் இல்லை. கழிப்பறையைக் கிருமிநாசினி ஊற்றித் தேய்த்துக் கழுவியதுதான் குறைத்தது.

மொட்டைமாடி:

சரிங்க, பிளீச்சை இனிமேல் தனியாகவே வைக்கிறேன். மீந்ததைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்திருக்கிறேன், அது பரவாயில்லைதானே?

அகார்தட்டு:

ஐயா, இல்லை! யாராவது எடுத்துக் குடித்துவிடுவார்கள். இப்போதே கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் விடுங்கள், வேறு எதையும் கூடவே ஊற்றாமல்.