பொருள்: 'ரீகன்சைல்' பொத்தானுக்கு வெள்ளிக்குள் ஒரு சொல்

திங்கள் காலை, மொழிபெயர்ப்பாளர்:

நண்பர்களே, வணக்கம். கணக்கு மென்பொருள் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். சப்ளையர்களுக்குத் தர வேண்டிய பாக்கி, மாதக் கடைசியில் கொள்முதல் மென்பொருளில் ஒரு தொகையாகவும் பொதுப் பேரேட்டு மென்பொருளில் வேறு தொகையாகவும் நிற்கும். இரண்டையும் அருகருகே காட்டும் திரையின் மேலே, அந்த வித்தியாசத்தைப் பார்த்து முடிக்க 'ரீகன்சைல்' என்று ஒரு பொத்தான். அதற்கு ஏவல் வினை வேண்டும். 'ஆனவை', 'ஆகாதவை' என்ற இரண்டு நிலைகளும் அதே வேரிலிருந்து வர வேண்டும்.

'பொருத்து' கிடையாது. ஆர்டர், சரக்கு வரவு, பில் மூன்றையும் ஒத்துப்பார்க்கும் திரைக்கு அதைக் கொடுத்துவிட்டேன். 'தீர்' பாக்கியை அடைப்பதற்குப் போய்விட்டது. பத்து எழுத்துக்கு மேல் இடமில்லை. வெள்ளிக்கிழமை கோப்பு போயாக வேண்டும்.

திங்கள் காலை, வணிகவியல் ஆசிரியர்:

இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? தமிழ்நாட்டுப் பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் நூலில் 'வங்கிச் சரிகட்டும் பட்டியல்' என்றே ஒரு பாடம் உண்டு. சரிகட்டு, சரிகட்டியவை, சரிகட்டாதவை. மாணவர்களுக்குப் பழகிய சொல். முடிந்தது.

திங்கள் மதியம், மெய்ப்புப் பார்ப்பவர்:

முடியவில்லை ஐயா. 'ஆளைச் சரிக்கட்டியாச்சு' என்றால் ஊருக்கே பொருள் தெரியும். தணிக்கைக்கு வந்தவர் கண்ணில் முதலில் படுவது 'சப்ளையர் – சரிகட்டு' என்றால் அவர் பேரேட்டைப் பார்ப்பாரா, நம் முகத்தைப் பார்ப்பாரா?

திங்கள் மதியம், வணிகவியல் ஆசிரியர்:

அது ஒற்று மிகும் சரிக்கட்டு. பாடநூலில் ஒற்று இல்லை. இரண்டும் வேறு.

திங்கள் மாலை, மெய்ப்புப் பார்ப்பவர்:

அதாவது ஒரு 'க்' வந்தால் கையூட்டு, போனால் கணக்கு. முப்பது வருடமாக ஒற்றுப்பிழை திருத்துகிறேன், அதற்கு இவ்வளவு பெரிய பொறுப்பு இருப்பது இன்றுதான் தெரிந்தது.

திங்கள் இரவு, இலங்கையில் கணக்கீடு படித்தவர்:

எங்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. 'வங்கி இணக்கக் கூற்று' என்றுதான் படித்தோம். ஆகவே 'இணக்கு'. அப்படியே இன்னொன்று: தர வேண்டியதை நீங்கள் 'செலுத்தற்குரியவை' என்று நீட்டி முழக்குகிறீர்கள். நாங்கள் 'சென்மதி' என்போம், வர வேண்டியது 'வருமதி'. நான்கே எழுத்து. உங்கள் 'இருப்புநிலைக் குறிப்பு' எங்களுக்கு 'ஐந்தொகை'.

செவ்வாய் காலை, தமிழாசிரியர்:

சென்மதி! செல் + மதி. லகரத்தின் முன் மகரம் வந்தால் னகரமாகும். கன்மலை, நன்மை, பன்மை போல. இவ்வளவு கச்சிதமான சொல்லை வைத்துக்கொண்டு நாம் ஏன் 'பேயபிள்' என்று முனகிக்கொண்டிருக்கிறோம்? மொழிபெயர்ப்பாளர் அதையாவது உடனே எடுத்துக்கொள்ள வேண்டும்.

'இணக்கு' எனக்கு ஒப்பவில்லை. சண்டை போட்டவர்கள்தான் இணங்க வேண்டும், பில்கள் அல்ல. நான் சொல்வது 'ஒப்புரவு'. திருக்குறளின் 22-ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல். அங்கே பொருள் வேறு என்று தெரியும். ஆனால் கிறித்தவத் தமிழில் அது நேராக இந்தப் பொருளிலேயே புழங்குகிறது: 'ஒப்புரவாக்குதல்', 'ஒப்புரவு அருட்சாதனம்' (பாவ அறிக்கைச் சடங்கு). சொல்லைப் பிரித்துப் பாருங்கள். ஒப்பு + அரவு என்று கொள்பவர்கள் தேற்றரவைக் காட்டுவார்கள். அப்படியானால் குற்றியலுகரம் கெட்டு 'ஒப்பரவு' என்றல்லவா வர வேண்டும்? ஆகவே ஒப்பு + உரவு என்பது என் ஊகம். உரவு என்றால் வலிமை. ஒப்பின் வலிமை!

செவ்வாய் காலை, மெய்ப்புப் பார்ப்பவர்:

மாதக் கடைசியில் பாவசங்கீர்த்தனம். பொருத்தம்தான். ஆனால் ஐயா, ஏவல் வினை கேட்டார். 'ஒப்புரவாக்கு' என்று பொத்தானில் போட்டால் கணக்காளர் மண்டியிடுவார்.

செவ்வாய் மதியம், மொழிபெயர்ப்பாளர்:

'இணக்கு' எழுத்தளவில் நன்றாக இருக்கிறது. ஆனால் இதே மென்பொருளில் வரி விதிகளைப் பின்பற்றுவதற்கு 'வரி இணக்கம்' என்று ஏற்கனவே ஒரு பட்டி உண்டு. குழம்பாதா? சென்மதிக்கு நன்றி, யோசிக்கிறேன். இன்னும் மூன்று நாள்.

செவ்வாய் இரவு, வேர்ச்சொல் ஆர்வலர்:

எல்லாரும் வாயில் 'டேலி' என்றுதான் சொல்கிறார்கள், அதன் வேரை யாராவது பார்த்தீர்களா? லத்தீனில் வெட்டிய குச்சியைக் குறிக்கும் சொல். இங்கிலாந்துக் கருவூலத்தில் தொகையைக் கோலில் வெட்டுகளாகக் குறித்து, கோலை நெடுக்கப் பிளந்து, ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வார்கள். கணக்குப் பார்க்கும் நாளில் இரு பாதியும் பொருந்த வேண்டும். வழக்கொழிந்த கோல்களை 1834-இல் நாடாளுமன்றக் கட்டட உலையில் போட்டு எரித்தார்கள். கட்டடமும் சேர்ந்து எரிந்தது.

இப்போது குறளுக்கு வாருங்கள்: 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்'. அங்கும் கோல், இங்கும் கோல்! என் பரிந்துரை 'சீர்தூக்கு'.

புதன் காலை, தமிழாசிரியர்:

அது துலாக்கோல். பிளந்த குச்சி அல்ல.

புதன் காலை, இலங்கையில் கணக்கீடு படித்தவர்:

'சமன்' வடசொல்லா தமிழா என்று யாரும் தொடங்கிவிடாதீர்கள், தயவுசெய்து.

(தொடங்கினார்கள். பதினொரு மடல். அவற்றை இங்கே சேர்க்கவில்லை – மட்டுறுத்துநர்.)

புதன் இரவு, கணக்காளர்:

மூன்று நாளாக வாசிக்கிறேன். பதில் எழுத நேரம் கிடைக்கவில்லை, காரணம் நீங்கள் பெயர் தேடுகிற அதே வேலைதான். எங்கள் அலுவலகத்தில் யாரும் சரிகட்டுவதும் இல்லை, இணக்குவதும் இல்லை. 'டேலி ஆச்சா?' 'ஆகலை.' அவ்வளவுதான் பேச்சு. அதைப் பொத்தானில் போட முடியாது என்பது புரிகிறது, அந்தப் பெயரில் வேறொரு மென்பொருளே இருக்கிறது.

இந்த மாதம் கொள்முதல் பக்கத்துத் துணைப் பேரேட்டை (சப்ளையர்வாரிக் கணக்கை) விட, பொதுப் பேரேட்டின் கட்டுப்பாட்டுக் கணக்கு (எல்லா சப்ளையருக்குமான மொத்த பாக்கி) 17,400 குறைவு. 12,000-க்குக் காரணம் உடனே தெரிந்தது. கடைசி நாள் இரவு ஏற்றிய ஒரு பில், அடுத்த மாதம் ஒன்றாம் தேதிதான் பேரேட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. மிச்சம் 5,400. ஒன்பதால் மீதியில்லாமல் வகுபட்டது. அப்படி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்குமோ என்று தேடுவது எங்கள் பழக்கம். மாறித்தான் இருந்தது: 7,100 என்ற பில்லை யாரோ பேரேட்டில் 1,700 என்று கைப்பதிவு போட்டிருந்தார்கள். அது பிழை, திருத்தியாச்சு.

அந்த 12,000 இருக்கிறதே, அதை யாரும் தொடக் கூடாது. பக்கத்தில் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. இரண்டு தொகையும் இன்னும் சமமாகவில்லை, ஆனாலும் ரீகன்சைல் ஆகிவிட்டது. நீங்கள் சொன்ன சரி, சமன், ஒப்பு, இணக்கம் எல்லாமே இரண்டையும் ஒன்றாக்கச் சொல்கின்றன. புதிதாகச் சேர்ந்த பையன் 'சரிகட்டு' என்று பார்த்தால் என்ன செய்வான்? பேரேட்டில் 12,000-க்கு ஒரு பதிவு போட்டுச் சரிகட்டிவிடுவான். மறுநாள் உண்மையான பதிவும் வந்து சேரும். ஒரே பில் இரண்டு தடவை. அடுத்த மாதக் கடைசியில் நான்தான் உட்கார்ந்து தேட வேண்டும்.

'வித்தியாசத்துக்குக் காரணம் காட்டு' என்பதை ஒரே சொல்லாகத் தர முடியுமா?

வியாழன் காலை, தமிழாசிரியர்:

'வேற்றுமையறி'?

வியாழன் காலை, மெய்ப்புப் பார்ப்பவர்:

மொத்தம் எட்டு, கடைசி விளி.

வியாழன் காலை, வேர்ச்சொல் ஆர்வலர்:

'கணக்கொப்புவி'.

வியாழன் காலை, வணிகவியல் ஆசிரியர்:

ஒப்புவிப்பது மனப்பாடச் செய்யுளை.

வியாழன் இரவு, மொழிபெயர்ப்பாளர்:

எண்ணிப் பார்த்தேன். சரிகட்டு ஆறு பேர், இணக்கு நான்கு, சீர்தூக்கு ஒன்று, ஒப்புரவு ஒன்று. கணக்காளர் யாருக்கும் வாக்களிக்கவில்லை. அவர் சொல்வதுதான் சரி என்று எனக்கும் படுகிறது, ஆனால் சொல் கிடைக்கவில்லை; நாளை வெள்ளி. 'சரிகட்டு' என்றே போடுகிறேன். கீழே சின்ன எழுத்தில் 'வேறுபாட்டுக்குக் காரணம் பதியவும்' என்று ஒரு குறிப்பும் சேர்த்திருக்கிறேன். சென்மதியை எடுத்துக்கொண்டேன்.

வியாழன் இரவு, வணிகவியல் ஆசிரியர்:

நன்றி. ஒற்று கூடாது, மறவாதீர்கள்.

வியாழன் இரவு, கணக்காளர்:

சின்ன எழுத்தை எந்தப் பையன் படித்திருக்கிறான்? சரி, போகட்டும்.

அடுத்த செவ்வாய், மெய்ப்புப் பார்ப்பவர்:

சோதனைப் பதிப்பைத் திறந்தேன். கோப்பு போன இடத்தில் யாரோ ஒற்றுத்திருத்தி ஓடவிட்டிருக்கிறார்கள். மாதக் கடைசி அறிக்கையின் தலைப்பு இப்போது இப்படி இருக்கிறது: 'இம்மாதம் சரிக்கட்டப்பட்ட சப்ளையர்கள்'.