கதவோரத்திலேயே வலை கட்டும் டிரினிடாட் செவ்ரான்: தண்ணி எப்படி வைக்கிறது?

காட்பாடி_எட்டுக்கால்:
டிரினிடாட் செவ்ரான் டரான்டுலா (மயிர் அடர்ந்த பெரிய எட்டுக்கால் பூச்சி) வளக்குறேன், கால் விரிச்சா 4 அங்குலம். முன்கதவு அக்ரிலிக் பெட்டி, 20×20×30 செ.மீ. கதவு மூலையில, அடியில போட்ட தேங்காய் நார்த்தூளை ஒட்டி வலைக்குழாய் கட்டியிருக்கு. கதவைத் திறந்தா வலை கிழியுது, முன்காலைத் தூக்கி நிக்குது, இல்லன்னா வெளிய பாயுது. மத்தியானம் அறை 37 டிகிரி. தினமும் தண்ணி தெளிக்கணுமா? அண்ணன்மார் வழி சொல்லுங்க.

பாலாறு_மணல்:
தம்பி, கோளாறு பூச்சிகிட்ட இல்ல, பெட்டியில. பின்சுவர்ல இருட்டா ஒரு இடுக்கு இல்லாததால கதவு மூலையைப் பிடிச்சிருக்கு. பழைய நாட்டு ஓடு ஒண்ணைக் கழுவி வெயில்ல காய வச்சு, குழிவு பின்சுவரைப் பாக்குற மாதிரி நிக்க வைங்க. சொரசொரப்பா இருக்கும், கால் நல்லா பிடிக்கும். அடியில 5 செ.மீ. நார்த்தூளுக்குள்ள புதைச்சு, ஓட்டோட விளிம்பைப் பின்சுவர்ல சிலிகான் வச்சு ஒட்டுங்க. ரெண்டு நாள் வாடை போகட்டும். ஓடு சாஞ்சா பூச்சி நசுங்கிடும்.

இந்த வேலை நடக்கும்போது பூச்சி வேற டப்பால இருக்கணும். பகல்ல, அது குழாய்க்குள்ள அடங்கியிருக்கும்போது செய்ங்க. பெட்டியைப் பெரிய பிளாஸ்டிக் தொட்டிக்குள்ள வச்சுத் திறங்க. குழாய் வாய்க்கு முன்னாடி கண்ணாடி மாதிரி தெரியுற டப்பாவைப் பிடிச்சு, பின்னாலிருந்து மெல்லிசான பெயின்ட் பிரஷ்ஷால தொடுங்க. இடுக்கியால இழுக்காதீங்க, கால் போயிடும்.

தண்ணிக்குக் கதவே வேணாம். மேல் பக்கச் சுவர்ல 5 மி.மீ. துளை போட்டு, நேர் கீழ ஒரு பாட்டில் மூடியை ஒட்டிடுங்க. சிரிஞ்ச்ல மெல்லிசான குழாய் மாட்டி அதுவழியா ஊத்தலாம். ஊத்தி முடிச்சதும் துளையைப் பஞ்சால அடைங்க.

ஆரணி_வலை:
தினமும் தெளிக்காதீங்க. காத்து போகாத பெட்டியில ஈரம் தேங்கினா பூஞ்சையும் சின்ன ஈயும் வரும். எதிரெதிர் சுவர்ல துளை வரிசை இருக்கணும். வாரம் ஒருதரம் நார்த்தூளோட ஒரு மூலையை மட்டும் நனைங்க, அக்டோபர்ல மழை பிடிச்சா அதையும் குறைங்க. நர்சரியில விக்கிற நார்த்தூள் கட்டியில உப்பு இருக்கும், மூணு தண்ணில அலசிட்டுப் போடுங்க.

37 டிகிரி அதிகம். 24லிருந்து 30 வரைக்கும் நிம்மதியா இருக்கும். நம்ம ஊர் மே மாசத்துல மொட்டைமாடிக்குக் கீழ் அறை வேணவே வேணாம். கீழ்த்தளத்துல, சன்னல் வெயில் படாத மூலையில, தரையோரம் வைங்க. பக்கத்துல ஈரச் சாக்கு சுத்தின மண்பானை வச்சா சூடு கொஞ்சம் இறங்கும். எறும்பு ஏறாம இருக்க ஸ்டூல் கால்களைத் தண்ணிக் கிண்ணத்துல நிறுத்துங்க. அந்த அறையில கொசுவத்தி, திரவக் கொசுவிரட்டி எதுவும் கூடாது. பூச்சியைக் கொல்ற மருந்து இதையும் கொல்லும்.

காட்பாடி_எட்டுக்கால்:
நன்றி அண்ணா. நேத்துல இருந்து சாப்பிடல, வயிறு பளபளன்னு கறுத்திருக்கு.

பாலாறு_மணல்:
அப்படின்னா தோல் உரிக்கப்போகுது. இப்ப எதையும் மாத்தாதீங்க. இரையாப் போட்ட பாச்சை உள்ள இருந்தா எடுத்துடுங்க, உரிக்கும்போது அது கடிச்சுடும். உரிச்சு 10 நாள் கழிச்சு, பல் கறுத்த பிறகுதான் இரை. ஓடு வேலையும் அதுக்கப்புறம்தான். மல்லாந்து கிடந்தா பயப்படாதீங்க, உரிக்கிற நிலை அது. கால் எல்லாம் உடம்புக்கு அடியில மடங்கி, வயிறும் சுருங்கியிருந்தாத்தான் தண்ணிப் பஞ்சம். அப்ப உடனே தண்ணி வைங்க.