அம்மாவையும் ரெண்டு வாண்டுங்களையும் கூட்டிட்டு சென்னை செம்மொழிப் பூங்கா போகணும், பிளான் சொல்லுங்க

அம்பத்தூர்_அப்பா:
எல்லாருக்கும் வணக்கம். வர்ற ஞாயித்துக்கிழமை வீட்ல எல்லாரும் சேர்ந்து வெளிய போலாம்னு இருக்கோம். மால் வேண்டாம், பீச் வேண்டாம்னு வீட்டம்மா ஸ்ட்ரிக்டா சொல்லிட்டாங்க, மரம் செடின்னு பார்க்கற மாதிரி இடம் வேணுமாம். நாங்க ஆறு பேரு, அதுல எங்க அம்மாவுக்கு வயசு 67, முட்டி வலி, ரொம்ப நடக்க முடியாது, பெரியவனுக்கு 9, சின்னவளுக்கு 4, அவளை நடக்க வச்சா பத்து நிமிஷத்துல தூக்கு தூக்குன்னு ஆரம்பிச்சிடுவா. காலைல செம்மொழிப் பூங்கா, மத்தியானம் அடையாறு தியோசாபிகல் சொசைட்டி ஆலமரம், சாயங்காலம் கிண்டி சிறுவர் பூங்கான்னு மூணும் முடிச்சிடலாம்னு போட்டு வச்சிருக்கேன். கார் இல்ல. இது நடக்குமா, இல்ல நான் ஓவரா ஆசைப்படறேனா?

மொட்டைமாடி_தோட்டம்:
அண்ணா முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், தியோசாபிகல் சொசைட்டி ஞாயித்துக்கிழமை லீவு. மத்த நாள்லயும் காலைல கொஞ்ச நேரம் மத்தியானம் கொஞ்ச நேரம்தான் உள்ள விடுவாங்க. நாங்க ஒரு தடவை தெரியாம ஞாயித்துக்கிழமை போய் கேட் வெளியவே நின்னு போட்டோ எடுத்துட்டு திரும்பி வந்தோம், வீட்ல இன்னும் சொல்லிக் காட்டறாங்க. அதனால அதை லிஸ்ட்ல இருந்து தூக்கிடுங்க. லீவு போட்டு ஒரு வாரநாள் போனா கண்டிப்பா பாருங்க, அந்த ஆலமரத்தோட நடு மரம் 1989 புயல்ல சாஞ்சிடுச்சு, இப்ப நாம பார்க்கறது முழுக்க விழுது ஊனி நிக்கற மரம். என் பையன் "அப்ப ஒரிஜினல் மரம் எங்கப்பா"ன்னு கேட்டான், அதுக்கு பதில் சொல்லவே அரை மணி நேரம் ஆச்சு.

நாலு வயசுப் பொண்ணையும் முட்டி வலி அம்மாவையும் வச்சுக்கிட்டு ஒரே நாள்ல மூணு இடம் வேணாம்ணா. செம்மொழிப் பூங்கா மட்டும் போங்க, ரெண்டு மணி நேரம் போதும். அம்மாவை ஒரு நிழல் பெஞ்சுல உக்கார வச்சிட்டு நீங்க சுத்தி சுத்தி வந்து அங்கயே சேர்ந்துக்கலாம். குளத்துல வாத்து இருக்கு, சின்னவ அதை விட்டு நகர மாட்டா பாருங்க.

பழைய_மெட்ராஸ்காரன்:
செம்மொழிப் பூங்கான்னா எனக்கு மொதல்ல ஞாபகம் வர்றது அங்க இருந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஹோட்டல்தான். 1962ல ஆரம்பிச்சது, 2008ல மூடிட்டாங்க. எங்க அப்பா ஸ்கூட்டர்ல கூட்டிட்டு போவாரு, கார்ல வந்தவங்களுக்கு கார்லயே தட்டு மாட்டி சாப்பாடு குடுப்பாங்க, நாங்க ஸ்கூட்டர் பார்ட்டி, உள்ள போய் உக்காந்து சாப்பிடுவோம், ஆனா கண்ணு பூரா அந்தக் கார்ங்க மேலதான். 2010 நவம்பர்ல பூங்காவா திறந்தாங்க, சுமார் 20 ஏக்கர். அங்க இருந்த பழைய மரங்கள்ல நிறைய வெட்டாம விட்டு வச்சதுதான் அவங்க செஞ்ச நல்ல காரியம், நிழல்னு நீங்க உக்கார்றது பாதிக்கு மேல அந்தக் காலத்து மரத்தடியிலதான் இருக்கும்.

குழந்தைங்களுக்கு தூங்குமூஞ்சி மரம் எங்க தென்பட்டாலும் காமிங்க தம்பி. இலை சாயங்காலம் ஆனா மடங்கிக்கும், மழை இருட்டிக்கிட்டு வந்தாலும் மடங்கும், அதான் அந்தப் பேரு. தரையில கருப்பா காஞ்ச காய் விழுந்து கெடக்கும், உடைச்சா பிசுபிசுன்னு ஒட்டும், வெல்லம் மாதிரி ஒரு வாசனை. அதை மோந்து பார்க்கச் சொல்லுங்க, போர்டுல இருக்கற லத்தீன் பேரெல்லாம் அப்புறம்.

சைதை_சித்தி:
நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன், கோச்சுக்காதீங்க. சின்னப் பசங்களுக்கு கிண்டி சிறுவர் பூங்காதான் பெஸ்ட். 9 வயசுப் பையன் செடியைப் பார்த்துட்டு எவ்ளோ நேரம் இருப்பான்? மான், பறவைன்னு ஏதாவது அசையணும் அவனுக்கு. செவ்வாய் லீவு, நீங்க ஞாயிறு போறதால பிரச்சனை இல்ல. இல்லன்னா செம்மொழிப் பூங்கா பக்கத்துலயே 2024 அக்டோபர்ல கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறந்திருக்காங்க, கம்பியில தொங்கிட்டே போற ஜிப்லைன் எல்லாம் இருக்கு, பெரியவன் குதிப்பான், ஆனா பட்ஜெட் எகிறும், ஆறு பேருன்னா முன்னாடியே கணக்கு போட்டுக்கோங்க. செம்மொழிப் பூங்கால மலர் கண்காட்சி நடக்கற சமயத்துல மட்டும் வயசானவங்களை கூட்டிட்டு போகாதீங்கப்பா, நாங்க போனப்ப பூவை விட தலைங்கதான் தெரிஞ்சுது.

மொட்டைமாடி_தோட்டம்:
சித்தி சொல்றதும் சரிதான், ஆனா அம்மாவுக்கு கிண்டில நடை கொஞ்சம் அதிகம் ஆயிடும். அப்புறம் ரூட்: அம்பத்தூர்ல லோக்கல் ட்ரெயின் புடிச்சு சென்ட்ரல், அங்க இருந்து மெட்ரோல ஆயிரம் விளக்கு, இறங்கி ஆட்டோ. நடந்துடலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அம்மாவுக்கு அது தூரம், அந்தப் பக்கம் மெட்ரோ வேலையும் நடக்குது. ஞாயிறு லோக்கல் கம்மியா ஓடும், டைம் பார்த்துட்டு கிளம்புங்க. மத்தியானம் சாப்பாட்டுக்கு ராதாகிருஷ்ணன் சாலை நியூ உட்லண்ட்ஸ் ஹோட்டல் பக்கம்தான். தண்ணி பாட்டில், தொப்பி, சின்னவளுக்கு ஒரு செட் டிரெஸ்.

அம்பத்தூர்_அப்பா:
போய்ட்டு வந்தாச்சு! எல்லாருக்கும் தேங்க்ஸ், செம்மொழிப் பூங்கா மட்டும்தான் போனோம், மத்தது கட். காலைல கேட் திறந்ததும் உள்ள போயிட்டோம், பன்னெண்டுக்கு வெயில் ஏறவும் வெளிய வந்துட்டோம்.

பெஞ்சுல உக்கார வச்ச அம்மா பத்து நிமிஷம்தான் உக்காந்தாங்க. மூலிகைச் செடி இருக்கற பக்கம் போய் நின்னுட்டு "இது ஆடாதொடைடா, உனக்கு இருமல் வந்தப்ப இதைத்தான் கஷாயம் வச்சேன், துப்பிட்டு ஓடுவ"ன்னு என் பையன் முன்னாடி மானத்தை வாங்கிட்டாங்க. அவன் அப்புறம் ஒவ்வொரு செடியா காமிச்சு "இதையும் அப்பா துப்பினாரா பாட்டி"ன்னு கேட்டுக்கிட்டே வந்தான், முட்டி வலின்னு ஒரு வார்த்தை வரல அம்மா வாய்ல இருந்து. ராத்திரிதான் தைலம் கேட்டாங்க.

சின்னவ வாத்துகிட்ட முக்கா மணி நேரம். தூங்குமூஞ்சி மரம் கண்டுபிடிச்சோம் சார், காயை மோந்து பார்த்தாச்சு. அவ நாலு காயை யாருக்கும் தெரியாம அவளோட பைல போட்டுக்கிட்டு வந்திருக்கா, காலைல பார்த்தா ஸ்கூல் பை பூரா எறும்பு. அதுக்கு என்ன பண்றதுன்னு யாராவது சொல்லுங்க, வீட்டம்மா என்னைத்தான் திட்டறாங்க.